அத்தோ கடையின் முட்டை

அவித்து உரித்த முட்டையை இடது உள்ளங்கையில் வைத்து, சின்னக் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறு. முட்டை இரண்டாகிவிடக் கூடாது; அடிப்பக்கம் ஒட்டியபடியே வாய் மட்டும் திறக்க வேண்டும். அந்த வாய்க்குள் முறுகப் பொரித்த வெங்காயம், மூன்று விரலால் அள்ளுகிற அளவு. அதன்மேல் பொரித்த பூண்டு, உப்பு, மிளகாய்த் தூள். கரண்டி நுனியால் கொஞ்சம் பூண்டெண்ணெய். கடைசியாகப் புளித்தண்ணீர். கொத்தமல்லி தூவி நீட்டினால், வாங்குகிறவர் அதைக் கடித்துச் சாப்பிடுவதில்லை. முழு முட்டையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார். கன்னம் இரண்டும் உப்பி, கண் லேசாகக் கலங்கி, அரை நிமிடம் எதுவும் பேச முடியாமல் நிற்கிறார். பிறகு, "இன்னொண்ணு போடுங்கண்ணே."

வடசென்னையின் அத்தோ கடைகளில் ஒவ்வொரு சாயங்காலமும் நடப்பது இது. பலகையில் 'முட்டை பேஜோ' என்று எழுதியிருப்பார்கள். சுற்றி நிற்கிறவர்கள் அந்தப் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. "ஒரு அத்தோ, ரெண்டு முட்டை" என்றால் போதும், கடைக்காரருக்குப் புரியும்.

அத்தோ என்பது நூடுல்ஸ். ஆரஞ்சு நிறம் ஏறிய, முன்பே வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவைத்த நூடுல்ஸ். அதோடு மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், வறுத்த கடலை மாவு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை, நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பேஜோ என்பது தட்டை மாதிரி ஒரு மொறுமொறுப்பு. பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். புகழெல்லாம் இந்தத் தட்டுக்குத்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கைபேசியில் படம் பிடிப்பதும் இதைத்தான். ஆனால் ஒரு கடை நல்ல கடையா இல்லையா என்பதை முட்டைதான் சொல்லும். அத்தோவில் பத்துப் பன்னிரண்டு பொருள் கலக்கிறது. ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று அதை மூடிவிடும். முட்டைக்குள் அந்த மூடுமந்திரம் நடக்காது. பூண்டு கருகியிருந்தால் முதல் மெல்லலிலேயே கசக்கும். வெங்காயம் நமுத்திருந்தால் மஞ்சள் கருவோடு சேர்ந்து களியாகிவிடும். புளி பழையதாக இருந்தால் தொண்டையைப் பிடிக்கும்.

எண்பதுகளில் பெரம்பூரில் வளர்ந்த ஒரு ரயில்வே தொழிலாளியின் மகனுக்கு இந்த முட்டைதான் பர்மா. அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அதன் புளிப்பும் பூண்டு வாசமும் அவனுக்குத் தெரிந்திருந்தன.

அன்றைய பெரம்பூர் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கிய ஊர். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஒரு பக்கம், அதற்கும் மூத்த லோகோ, கேரேஜ் பணிமனைகள் இன்னொரு பக்கம், கொஞ்சம் தள்ளி பி அண்டு சி மில். ஷிப்ட் விடும் நேரத்தில் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். வேலை முடித்து வரும் ஆண்களின் பசிக்கு என்றே ஒரு சாப்பாட்டுலகம் தெருவோரம் திறந்துகொள்ளும். பஜ்ஜி, சுண்டல், பீஃப் வறுவல், வறுத்த ஈரல். அந்த வரிசையில் அத்தோ வண்டிக்கு மட்டும் ஒரு தனித்தன்மை இருந்தது. மற்ற வண்டிகளில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கும், தோசைக்கல்லில் கரண்டி தட்டும். அத்தோ வண்டியில் அடுப்பு எரிந்தது சூப்புக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் கைவேலை. சத்தமில்லாமல் நடக்கும், ஆனால் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கும் வேகமாக நடக்கும்.

வண்டி வியாசர்பாடியிலிருந்து வந்தது. பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே தண்டவாளங்கள் கிடக்கின்றன. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேறு வேறு ஊராகிவிடும். அந்த நாட்களில் வண்டி வராது. அவனுக்கு மழைக்காலம் பிடிக்காமல் போனதற்கு அது ஒரு காரணம்.

வண்டிக்குரியவர் ஒரு மூதாட்டி. தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'அத்தோ ஆயா'. பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் நின்றபடி முட்டையைக் கீறுவார். பார்வை எதிரே நிற்பவர் முகத்தில் இருக்கும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். சம்பள வாரத்தில் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போவார். அப்பாவுக்கு அத்தோ, அவனுக்கு ஒரு முட்டை. முதல் தடவை அப்பா முட்டையைப் பாதியாக்கித் தரச் சொன்னபோது ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. "பாதியாக்குனா உள்ள இருக்கறது கொட்டிப்புடும்பா. வாயப் பெருசா தொற கண்ணு" என்றார். அவன் திறந்தான். காரம் மூக்கில் ஏறியது, புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்தையும் சுருக்கியது, நடுவில் மஞ்சள் கரு மெத்தென்று வந்து எல்லாவற்றையும் அமர்த்தியது. வெங்காயம் கடைசிவரை நொறுங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டில் அம்மாவுக்கு இது புரியவேயில்லை. "புளியும் முட்டையுமா? வயித்தக் கலக்கப் போவுது பாரு" என்பார். முட்டை என்றால் குழம்பில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்லெட்டாகத் தட்டில் வர வேண்டும். அவித்த முட்டைக்கு மிளகுத்தூள் தூவுவதே ஆடம்பரம். குழம்பு முட்டைக்குள்ளும் புளிதானே இறங்குகிறது என்று அப்பா ஒருநாள் கேட்டதற்கு, "அது கொதிச்ச புளி, இது பச்சப் புளி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கொதிக்காத புளித்தண்ணீர்தான் அந்த முட்டைக்கு உயிர். கொதித்த புளி எண்ணெயோடும் காரத்தோடும் கலந்து தன் கூர்மையை இழந்துவிடும். பச்சைப் புளிக்கரைசலின் கூர்மைதான் பூண்டெண்ணெயின் கொழுப்பையும் மஞ்சள் கருவின் மந்தத்தையும் வெட்டுகிறது.

ஆயா ரங்கூனில் பிறந்தவர். பெற்றவர்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள். வந்த கதையைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் வண்டியில் கூட்டம் நிற்பதைக்கூட மறந்து பேசுவார். விடிகாலையில் தெருமுனையில் மொய்ங்கா விற்பவள் இரண்டு கூடைகளைத் தோளில் தொங்கவிட்டு வருவாளாம். ஒரு கூடையில் அடுப்பும் குழம்பும், இன்னொன்றில் அரிசிச் சேமியாவும் கிண்ணங்களும். சீனர் தெருவில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் நூடுல்ஸ் கடைகள் திறக்குமாம். "இங்க மாதிரி இல்ல கண்ணு, அங்க பந்தி பந்தியா பெஞ்சு போட்டிருப்பான். ஒரு பக்கம் சீனன், ஒரு பக்கம் பர்மாக்காரன், ஒரு பக்கம் நம்மாளு" என்பார்.

அந்த 'நம்மாளு' எத்தனை பேர் என்பது அவன் வளர்ந்து படித்த பிறகு தெரிந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர்; அவர்களில் பாதிக்கும் மேல் இந்தியர். பர்மா முழுதும் சேர்த்தால் இந்தியர் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைத் தொழிலாளிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், செட்டியார் கடைக் கணக்கர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். தெலுங்கர், தமிழர், ஒடியர், வங்காளிகள் எல்லாருக்கும் அந்த நகரத்தில் ஒரு தெரு இருந்தது. அந்த வாழ்வு அமைதியாகவும் இல்லை. 1930 மே மாதம் துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி இந்தியத் தொழிலாளர்கள்மீது கலவரம் வெடித்தது. 1938இல் இன்னொன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தபோது லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள்; பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். தமிழ் சினிமா இதை மறக்கவில்லை. 1952இல் வந்த 'பராசக்தி'யின் குடும்பம் பிரிந்து சிதறுவது ரங்கூன் போரால்தான்.

போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள் என்பதுதான் வியப்பு. ஆயாவின் குடும்பமும் போனது. அங்கே வீடு இருந்தது, வேலை இருந்தது, தெரிந்த தெரு இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. சின்னக் கடைக்காரர் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். கப்பல் ஏறும் இடத்தில் நகையும் பணமும் சோதனையில் பறிபோயின. தமிழ்நாட்டில் வந்து இறங்கியவர்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

சென்னை துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நகரத்தின் வட விளிம்பிலேயே தங்கினார்கள். வியாசர்பாடியில் அவர்கள் குடியிருப்புக்கு அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலத்தின் பெயர் வந்தது, பி.வி. காலனி என்றால்தான் ஊருக்குத் தெரியும். மணலி, எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்ற பெயரோடு குடியிருப்புகள் உண்டு. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் எழுந்தது. வெளிநாட்டுச் சென்ட், டேப் ரெக்கார்டர், கடிகாரம் எல்லாம் அங்கேதான் என்று தமிழ்நாடே பின்னாளில் தேடி வந்த பஜார். தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்று ரெப்கோ வங்கி தொடங்கியதும் அதே 1969இல்தான். எல்லாராலும் அந்த மண்ணை விட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரைவழியாக மீண்டும் பர்மாவுக்குள் போகப் புறப்பட்ட சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே நகரத்தில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

கையில் எதையும் கொண்டுவர விடாத சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தது கைப்பழக்கம் ஒன்றுதான். பூண்டை எந்தத் தடிமனில் சீவ வேண்டும், வெங்காயத்தை எந்த நிறத்தில் எடுக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்த கணக்கை எந்த அதிகாரியும் பறிக்க முடியாது. கடை போட முதல் இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் பொருந்தியது. ஒரு தள்ளுவண்டி, ஒரு சூப்பு அண்டா, நாலைந்து எவர்சில்வர் கிண்ணம் போதும். ஆண்கள் துறைமுகத்துக்கோ பஜாருக்கோ போனால் வீட்டுப் பெண்கள் பகலெல்லாம் வெங்காயம் உரித்து, பொரித்து, புளி கரைத்து, சாயங்காலம் வண்டியைத் தயாராக்கினார்கள். பர்மா நூடுல்ஸ் தமிழ்நாட்டில் ஊன்றியது அந்தப் பெண்களின் உழைப்பால். பஜாரைப் பற்றி எழுதியவர்கள் பலர். இந்த அடுப்படிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

ஆயா சொன்ன சீனர் தெரு கற்பனையல்ல. ரங்கூனின் லதா தெருவைச் சுற்றி இன்றும் சீனர் பேட்டை இருக்கிறது. தென்சீனத்தின் குவாங்தோங், ஃபூஜியன் கரைகளிலிருந்து கடல் வழியாக வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். யுன்னானிலிருந்து மலைவழியாக வந்தவர்கள் மாந்தளையில் தங்கினார்கள். அவர்களில் பந்தே என்று அழைக்கப்படும் சீன முஸ்லிம்களின் பெயரில் ஒரு நூடுல்ஸே பர்மாவில் உண்டு. நூடுல்ஸ் அந்த நாட்டுக்குள் வந்த வழிகளில் இவை முக்கியமானவை. பர்மியர் அதை வாங்கிச் சோயாவைக் குறைத்துப் புளியையும் வறுத்த கடலை மாவையும் பொரித்த பூண்டையும் சேர்த்துக் கையால் பிசையும் உணவாக்கினார்கள். தமிழர் தங்கள் பங்குக்குத் தோசையையும் பரோட்டாவையும் சமோசாவையும் அந்தத் தெருக்களில் விற்றார்கள். இன்றைக்கும், யாங்கோன் என்று பெயர் மாறிய ரங்கூனின் தெருக்களில் அவை விற்கின்றன. சமோசாவைத் துண்டு துண்டாக நறுக்கி, முட்டைக்கோஸும் புளியும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது அங்கே பெரும் வழக்கம். யார் யாரிடமிருந்து எதை வாங்கினார்கள் என்று பிரிக்கப் போனால் முடிவே வராது. அப்படி ஒரு முடிவு தேவையும் இல்லை.

சென்னையில் வழக்கமாகச் 'சைனீஸ்' என்று கிடைப்பது வேறு வழியாக வந்தது. கொல்கத்தாவின் டாங்க்ரா, டிரெட்டா பஜார் சீனர்கள், குறிப்பாக ஹக்கா சமூகத்தினர், இந்திய நாக்குக்கு ஏற்ப மாற்றிய சமையல் அது. இரும்புச் சட்டியில் நெருப்பு எழ வதக்கி, சோயா சாஸும் வினிகரும் ஊற்றுவது. பெரம்பூர் பையனுக்கு அந்த நூடுல்ஸ் அறிமுகமானது கல்லூரிக் காலத்தில்தான். அவனுக்கு அது பிடிக்கத்தான் செய்தது, ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் எதையோ காணோம் என்று தேடினான். முட்டையை வதக்கி நூடுல்ஸோடு கலந்துவிட்டிருந்தார்கள். தனியாக, முழுதாக, வாய் பிளந்து நிற்கும் முட்டை அங்கே இல்லை.

சீனாவின் பழைய நூடுல்ஸ் கடைகளில் அது இல்லாமல் இருப்பதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டான். லான்ஜோவின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளில் தேயிலையிலோ சோயா மசாலாக் கரைசலிலோ ஊறவைத்த முட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். தைவான் கடைகளில் நூடுல்ஸ் வருவதற்கு முன் எடுத்துக் கொறிக்கச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஊறிய முட்டை, டோஃபு, கடற்பாசி, வெள்ளரி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். ஜப்பானின் ராமென் கிண்ணத்தில் மஞ்சள் கரு குழைவாக இருக்கும்படி அவித்து, சோயாவில் ஊறவைத்துப் பிளந்த முட்டை மிதக்கும். கிழக்காசியா முழுக்க நூடுல்ஸுக்குப் பக்கத்தில் முட்டைக்கு ஓர் ஆசனம் உண்டு. எல்லா இடத்திலும் ருசி வெளியிலிருந்து உள்ளே இறங்குகிறது. அதற்கு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். வியாசர்பாடி முட்டை தலைகீழ். வெள்ளைக் கரு வெறும் வெள்ளையாகவே இருக்க, ருசி முழுவதையும் நடுவில் திணிக்கிறார்கள், வாடிக்கையாளர் கண்ணெதிரே, அரை நிமிடத்தில். ஊறிய முட்டையில் ஒரே ருசி சீராக இருக்கும். இதில் நொறுங்குவது, வழுக்குவது, மெத்தென்றிருப்பது, சுள்ளென்று ஏறுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த அமைப்பை எவர் முதலில் செய்தாரோ, அவர் பெரிய சமையல் மனிதர்.

இதன் அடிப்படை பூண்டெண்ணெய். பூண்டை நசுக்கினால் கெட்டது. நசுங்கிய பூண்டு சீக்கிரம் கருகும். மெல்லிய வில்லைகளாகச் சீவி, சூடேறாத எண்ணெயில் போட்டு, அதன்பின் சிறு தீயில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். முதலில் சலசலவென்று குமிழி வரும்; அது பூண்டிலுள்ள தண்ணீர். குமிழி அடங்க ஆரம்பிக்கும்போது நிறம் மாறத் தொடங்கும். அதன்பிறகு எல்லாம் நொடிக் கணக்கு. பூண்டை அரித்து எடுத்த பிறகு மிஞ்சும் எண்ணெய்தான் அத்தோவுக்கும் முட்டைக்கும் சூப்புக்கும் மேலே விழுவது. வெங்காயத்துக்கும் இதே முறைதான், ஆனால் தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் நேரம் கூடும். பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் ஒரே தடிமனில் சீவாவிட்டால் பாதி கருகும், பாதி வதங்கி நிற்கும். ஆயாவின் வீட்டில் வெங்காயம் சீவும் வேலை மருமகளுக்கு, பொரிக்கும் வேலை ஆயாவுக்கு. அடுப்புப் பக்கம் வேறு யாரையும் விடமாட்டார்.

வாழைத்தண்டு சூப்பையும் விட்டுவிட முடியாது. முட்டை தின்றவர் கை அடுத்து நீள்வது அதற்குத்தான். பர்மாவின் மொய்ங்கா கெளுத்தி மீனைக் கரைத்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டு சேர்த்து, கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு. அதில் இளம் வாழைத்தண்டு வில்லைகள் மிதக்கும். பொரித்த பருப்பு வில்லைகளை உடைத்துப் போடுவார்கள். சென்னை வண்டிகளில் பெரும்பாலும் மீன் இல்லை. தண்டும் மிளகும் பூண்டும் கடலை மாவும் மிஞ்சியிருக்கின்றன. அத்தோவோடு இலவசமாக ஊற்றப்படுவது அந்த மொய்ங்காவின் மரக்கறித் தம்பி. அதே சூப்பில் நூடுல்ஸைப் போட்டுக் கொடுத்தால் இங்கே அதற்குப் பெயர் மொய்ங்கா. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டால் எந்தக் கடையிலும் மறுப்பதில்லை. இந்தத் தாராளம் அத்தோ கடைகளின் இலக்கணம். வடசென்னையில் கை வேலை செய்து பிழைப்பவர்களின் பசி அறிந்த தாராளம்.

தொண்ணூறுகளில் பெரம்பூர் மாறியது. பி அண்டு சி மில் 1996இல் மூடப்பட்டது. சங்கு ஒலி குறைந்தது. ஆயாவின் வண்டியும் ஒரு கட்டத்தில் வரவில்லை. அவருக்கு முடியாமல் போனது என்றும் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவன் வளர்ந்து, வேலைக்குப் போய், அத்தோ தேடிக் கடற்கரை ரயில் நிலையம்வரை போகத் தொடங்கினான். அங்கே செகண்ட் லைன் பீச் ஓரத்தில் மாலை ஐந்து மணி ஆனதும் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். சுங்க அலுவலகக் குமாஸ்தா, கப்பல் ஏஜென்சிப் பையன், பாரிமுனை நகைக்கடைக்காரர், சுமை தூக்குகிறவர் எல்லாரும் தோளோடு தோள் உரச நின்று சாப்பிடும் இடம் அது. பெரிய ஓட்டல்களில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே ஒரு முட்டைக்காரர் இருக்கிறார் என்று நண்பர்கள் சொல்லித்தான் முதலில் போனான். ஆயாவின் முட்டையைவிடக் காரம் கூடுதல், புளிப்பு ஒரு படி குறைவு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்ததில் அவனுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. எட்டு வயதிலேயே நாக்குக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தாரே.

இப்போது அத்தோ எல்லா இடத்திலும் இருக்கிறது. பெரம்பூர், கொளத்தூர், அண்ணா நகர் என்று நகரம் முழுக்கப் பரவி, புதுச்சேரி, திருச்சி என்று வெளியூர்களிலும் சாயங்கால வண்டியாகிவிட்டது. சிக்கன் அத்தோ, தோசைக்கல்லில் கொத்தி வதக்கிய அத்தோ, மீன் அத்தோ எல்லாம் வந்துவிட்டன. அவை வரட்டும்; அத்தோ பிறந்ததே கலப்பில்தான். கவலைப்பட வேண்டியது வேறொன்று. சில வண்டிகளில் பொரித்த வெங்காயத்தைப் பிரியாணிக்காக விற்கும் பாக்கெட்டிலிருந்து கொட்டுகிறார்கள். அதில் ஓர் அசட்டு இனிப்பு இருக்கிறது, எண்ணெய்ச் சிக்கு வாடையும் இருக்கிறது. அத்தோவுக்குள் அது தெரியாமல் போகலாம். முட்டைக்குள் போட்டால் உடனே தெரிந்துவிடும். பூண்டெண்ணெய்க்குப் பதில் வெறும் பாமாயிலைத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். வெங்காயம் பொரிப்பது நேரம் தின்னும் வேலை. வீட்டில் ஒருவர் பகல் முழுதும் அடுப்படியில் நிற்க வேண்டும். அடுத்த தலைமுறைப் பெண்கள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்ல விஷயம். அந்த வேலையை இனி யார் செய்வது என்பதற்குக் கடைக்காரர்களிடம் பதில் இருக்க வேண்டும், கூலி கொடுத்தாவது. வாடிக்கையாளர்களும் நல்ல முட்டைக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

அந்தப் பெரம்பூர் பையன் இன்று நடுவயதுக்காரர்; மகள் கல்லூரியில் படிக்கிறாள். அண்மையில் ஒரு சாயங்காலம் பெரம்பூரிலிருந்து ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி இருவரும் நடந்தார்கள். வழக்கமான வண்டியில் இளைஞர் ஒருவர் நின்றார். தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். தந்தை பூண்டு இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். வில்லைகள் வெளிர் பொன்னிறத்தில் இருந்தன, ஒன்றுகூடக் கருகவில்லை.

"எப்படித் தம்பி இந்தக் கலர்ல நிப்பாட்டறீங்க?"

"கலர் வர்றதுக்கு முன்னாடியே அடுப்ப அணச்சிடணும் சார். மீதி எண்ணெய் சூட்டுலயே ஆயிடும். கலர் வந்தப்புறம் அணச்சா லேட்டு."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க பாட்டி. இன்னும் அதுதான் பொரிக்குது, எங்கள விடாது."

மகள் இதற்குள் முதல் முட்டையை விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவதற்குப் புளியைக் கொஞ்சம் தூக்கலாக ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். இளைஞர் ஊற்றினார். தந்தை தனக்கும் அப்படியே ஒன்று கேட்டார், கொத்தமல்லி வேண்டாம் என்று சொல்லி.